ஆடியில் நார்வே

இல்லை, நான் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிற புதுப்பெண் இல்லை. கண்டக்டர் கேட்டபோது நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். அதனால் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. ஒரு பெண் ஆடி மாதத்தில் கையில் பையோடு தாராபுரத்தில் பஸ் ஏறினால் இவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது.

நீங்களும் ஈரோடுதானே? சரி. நான் பொதுவாக யாரிடமும் பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் கேட்டால், "அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள பொழுது போயிரும்" என்பார்கள். வாங்க முயற்சி செய்தவர்கள் யார் என்று நான் கேட்டதில்லை. தெரியாதவர்களிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீங்கள் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை.

வீட்டில் யாரும் இல்லை, அதனால்தான் போகிறேன். என் கணவர் பாங்காக்கில் இருக்கிறார். அவருடைய அண்ணனும் பாங்காக்கில். அண்ணன் மனைவி எங்கே என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எல்லாம் டைல்ஸ் விற்றதால் வந்தது. தாராபுரத்தில் எங்களுக்கு டைல்ஸ் கடை. டைல்ஸ், வாஷ்பேசின், கழிப்பறைப் பீங்கான் எல்லாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். நான் எம்.எஸ்ஸி. புவியியல். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். உலகம் முழுக்கப் படித்துவிட்டு வந்து சேர்ந்த இடம் பீங்கான்களின் நடுவில். குறையாகச் சொல்லவில்லை. இடத்தைச் சொல்கிறேன்.

கம்பெனிக்காரர்கள் வருஷாவருஷம் நன்றாக விற்கிற டீலர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மலேசியா, துபாய், பாங்காக். ஆண்கள் மட்டும். திரும்பி வரும்போது சாக்லேட், தைலம், ஒரு டார்ச் லைட். அதற்குமேல் அந்த நாடுகளில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. என் கணவரின் அண்ணன் சென்னியப்பனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒருமுறை கேட்டேன், "துபாய் எப்படிங்க மாமா இருந்துச்சு?" யோசித்துவிட்டு, "ஏசி நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

இந்த வருஷம் கம்பெனிக்கு என்ன தோன்றியதோ, ஜோடியாக வரச் சொன்னார்கள். நார்வேக்கு. நார்தர்ன் லைட்ஸ் பார்க்க. வடதுருவத்துப் பக்கம் ராத்திரி வானத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒளி திரைச்சீலை மாதிரி அசையும், படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் கல்லூரியில் அதைப் பற்றிச் செமினார் எடுத்தவள். எங்கள் வகுப்பில் யாரும் அதை எடுக்கத் துணியவில்லை.

கடைக்கு ஒரு ஜோடிக்குத்தான் இடம். எங்கள் வீட்டில் எந்த ஜோடி என்ற கேள்வியே வரவில்லை. மாமாவும் சாந்தாமணி அக்காவும். மூத்தவர்கள், அவ்வளவுதான். அக்கா எட்டாவது வரை படித்தவள். பழனியைத் தாண்டிப் போனால் கொடைக்கானல் என்பதுதான் அவளுடைய வரைபடம். எனக்கு வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். 'உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, நீ போறியா' என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த 'வேண்டாம்' என்பதைச் சொல்லக்கூட எனக்கு ஒரு வாய்ப்புத் தரவில்லை.

பங்குனி கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஏரியா மேனேஜர் நிர்மல் என்று ஒருவர், எப்போதும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். மேடையில் நின்று, "எந்த மாசம் உங்களுக்கெல்லாம் வசதி?" என்றார்.

முழு ஹாலும் ஒரே குரலில், "ஆடி."

ஏன் ஆடி? ஆடியில் கிரகப்பிரவேசம் கிடையாது. புது வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். டைல்ஸ் வாங்க ஆள் வராது. கடையில் ஈ ஓட்டுகிற மாதம். வடதுருவத்துக்குப் போக நல்ல மாதம் எது என்பதைத் தாராபுரத்திலும் பல்லடத்திலும் டைல்ஸ் எப்போது விற்காது என்பதை வைத்து முடிவு செய்தார்கள். நிர்மலும் சரி என்று எழுதிக்கொண்டார். அவருக்கும் தெரியவில்லை. டூர் ஏஜெண்டுக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் விற்றால் போதும் என்று இருந்திருப்பான்.

உங்களுக்குப் புரிகிறதா? ஆடி என்றால் ஜூலையும் ஆகஸ்டும். அங்கே அது கோடை. வடக்கு நுனியில் சூரியன் மறைவதே பெரும்பாடு. மறைந்தாலும் வானம் இருட்டாது. ராத்திரியே இல்லாத வானத்தில் அந்த ஒளியை எங்கே போய்ப் பார்ப்பது? பகல் பன்னிரண்டு மணிக்கு நட்சத்திரம் பார்க்க ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்புவது மாதிரி.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் போய்ச் சொல்வது என் வழக்கமில்லை. படித்தவர்களுக்கு ஒரு அடக்கம் வேண்டும் இல்லையா?

அதற்கப்புறம் அக்கா செய்த கூத்தைக் கேட்கவேண்டும் நீங்கள். காலையில் தோசைக்குப் பதில் பிரெட் சாப்பிட்டாள், வாய் பழகவேண்டுமாம். திருப்பூரில் போய்ப் பேண்ட் வாங்கிவந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்கும். வெளியே வரும்போது புடவைதான். "எப்படீக்கா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "காத்து போற எடமே இல்ல மிருதா" என்றாள். என் பெயர் மிருதுளா. நாலு வருஷமாக அந்த வீட்டில் அதை முழுசாகச் சொன்னவர்கள் கிடையாது.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை. பல்லடத்து டீலரின் மனைவி கனகமணி. அவளுடைய தம்பிக்குக் கோழி வியாபாரம், கறியைச் சேமிக்க ஒரு பெரிய குளிர் அறை கட்டி வைத்திருக்கிறான். குளிர் தாங்குகிறதா என்று பார்க்க இவர்கள் அங்கே போனார்கள். அக்கா, கனகமணி, மூலனூர்க்காரி சுசீலாமணி, வெள்ளகோயிலிலிருந்து ஒருத்தி. ஜெர்கின், மங்கி குல்லாய், கம்பளிக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, உரித்த கோழிகளுக்கு நடுவில் நின்றார்கள். என்னைப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. வாட்ச்மேன் ஒரு நாற்காலி கொடுத்தார், வெளியே உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். அப்படி ஒரு சிரிப்பு. கதவைத் திறந்து கனகமணி தலையை நீட்டி, "வா கண்ணு, ஒண்ணும் பண்ணாது, கோழியெல்லாம் செத்துப் போச்சு" என்றாள். பின்னாலிருந்து சுசீலாமணி, "அவளை உடு, படிச்ச புள்ளைக்கு வெளியவே குளுரும்" என்றாள். மறுபடியும் சிரிப்பு. பிளாஸ்கில் காபி கொண்டுபோயிருந்தார்கள். பனியில் காபி குடித்துப் பழகுகிறார்களாம்.

எதற்கு இதெல்லாம்? கோடையில் அங்கே கோழி அறை அளவுக்குக் குளிராது. அதுகூடத் தெரியவில்லை பாருங்கள். நான் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அவருக்கும் புரிந்த மாதிரி இருந்தது.

ஆனி மாதம் இரண்டாவது கூட்டம். புறப்படுவதற்கு முன் எல்லாவற்றையும் விளக்குகிற கூட்டம், சாப்பாட்டோடு. மேடையில் பெரிய பேனர், பச்சை ஒளி, கீழே கம்பெனி பெயர், பக்கத்தில் ஒரு டைல்ஸ் படம். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் நிர்மல். கேட்டார்கள்.

சுசீலாமணியின் வீட்டுக்காரர் எழுந்தார். "ஏனுங்க தம்பி, இந்த லைட்டை எத்தன மணிக்குங்க போடுவாங்க?"

"அது யாரும் போடறது இல்லீங்க சார். தானா வரும்."

"தானா வர்றதுன்னா, சாப்படற நேரத்துல வந்துட்டா என்னங்க பண்றது?"

இன்னொருவர், "தயிர் கெடைக்குங்களா?"

"கிடைக்கும் சார். ஆனா புளிக்காது."

"புளிக்காத தயிர வெச்சு என்ன பண்றது" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். இவர்களுடைய சந்தேகமெல்லாம் இந்த அளவில் இருந்தது. நான் கை கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாக.

அப்புறம் நிர்மல், "லேடீஸ் சார்பா சாந்தாமணி மேடம் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். யார் முடிவு செய்தார்கள் என்று தெரியாது. அக்கா மேடை ஏறினாள். வெட்கமே படவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊட்டுப் பொம்பளைங்களுக்கு டைல்ஸக் குனிஞ்சு தொடச்சுத்தாங்க பழக்கம். இந்த வருசம் நிமுந்து மேல பாக்கப் போறோம். வானத்துல அந்த வெளிச்சம் ஆடறதப் பாத்துப்போட்டு வந்து எல்லார்த்துக்கும் சொல்றோமுங்க" என்றாள். என்ன கைதட்டல் தெரியுமா. கனகமணி விசில் அடிக்காத குறை. மாமா முகத்தைப் பார்க்கவேண்டும், ஏதோ அவர் பெற்ற பெண் ரேங்க் வாங்கிய மாதிரி.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் ஒருத்தி பேசுகிறாள், அதற்கு ஒரு ஹாலே கைதட்டுகிறது. நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்களா? நான் எழுந்தேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. நிர்மல்தான் பார்த்து, "மேடம், மைக்ல சொல்லுங்க" என்று அனுப்பினார். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"ஆடி மாதத்தில் அங்கே ராத்திரி வராது" என்றேன். "ராத்திரி வராவிட்டால் அந்த ஒளி தெரியாது. நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்களோ அதை அந்த மாதத்தில் அங்கே பார்க்க முடியாது."

காரணத்தையும் சொன்னேன். பூமியின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். பரிமாறுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். ஒரு ஹால் முழுக்க நான் சொல்வதைக் கேட்டது.

அப்புறம் சத்தம். "ராத்திரி இல்லாம மனுசன் எப்படிங்க தூங்கறது?" என்றார் ஒருவர். "இதுக்கா நாங்க டார்கெட் அடிச்சோம்?" என்றார் இன்னொருவர். நிர்மல் போனைத் தடவிப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். "மேடம் சொல்றது கரெக்ட்தான். மாசி மாசத்துக்கு மாத்திக்கலாம் சார், அப்ப நல்லாத் தெரியும்" என்றார்.

"மாசியில கடைய உட்டுப்போட்டு எப்படிங்க வர்றது? வீட்டு வேலை நடக்கற மாசமே அதுதான்."

"தையில?"

"தையில கல்யாணம்."

"கார்த்திகையில?"

"என்னத்துக்குங்க தம்பி இந்தப் பாடு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "பாங்காக்கே போட்ருங்க."

கைதட்டினார்கள். அக்காவுக்குத் தட்டியதைவிடப் பலமாக. பாங்காக் என்றால் எப்போதும்போல ஆண்கள் மட்டும். கடைக்கு இரண்டு இடம் ஏற்கனவே இருந்ததால், கூட ஒரு ஆளைக் கூட்டிவரலாம் என்று முடிவானது. எங்கள் கடைக்கு அந்த இரண்டாவது ஆள் என் கணவர். "லேடீஸுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "லேடீஸுக்கு ஆளுக்கொரு மிக்சி" என்றார் நிர்மல். வேறொரு பரிசுத் திட்டத்துக்கு வந்திருந்த பெட்டிகளை அங்கேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்ல வேளை நீ சொன்னே" என்று அதையே மூன்று நாலு தடவை சொன்னார். மாமா முன் சீட்டிலிருந்து திரும்பி, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். நாலு வருஷத்தில் அந்த வீட்டில் என் படிப்பைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் மிக்சிப் பெட்டி. அவமானமாக இருந்திருக்கும், மேடையில் அப்படிப் பேசிவிட்டு. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. தெரியாமல் பேசினால் அப்படித்தான்.

மறுநாள் காலை சமையலறையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பிரெட்டை நிறுத்திவிட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லீங்கக்கா, இதெல்லாம் படிச்சாத்தான் தெரியும்" என்றேன்.

"தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ராத்திரி இருக்காதுன்னு. மாளவிகா சித்திரையிலயே போன்ல எடுத்துக் காட்டீட்டா." மாளவிகா அவள் பெண், சென்னையில் வேலை பார்க்கிறாள். "'அம்மா, அப்ப அங்க ஒரு மண்ணும் தெரியாது'ன்னா. வாயை மூடிட்டு இருடீன்னு சொன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சுமா போறேன்னீங்க?"

"ஆடியில வெச்சாத்தான் இவங்க வருவாங்க. வேற மாசம்னா ஒருத்தன் கடைய விட்டு எறங்க மாட்டான். கனகமணிக்குத் தெரியும். சுசீலாவுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"அப்பறம் எதுக்கு மேடையில அப்படிப் பேசினீங்க? வெளிச்சத்தப் பாத்துட்டு வந்து சொல்றோம்னு?"

"வேற என்ன சொல்லோணும்? லைட்டு இல்லீங்க, சும்மா போறோமுங்கன்னா?" தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீ படிச்ச புள்ள. உனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். நீயும் எங்களாட்டவே எங்களுக்காகப் பேசாம இருக்கறேன்னு நெனச்சுட்டேன்." அவ்வளவுதான். தோசையை என் தட்டில் வைத்தாள். சட்னி எடுத்து வைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே அவ்வளவு தூரம் போகிறவர்களை என்னவென்று சொல்வது? தெரியாதவர்களையாவது மன்னிக்கலாம். நார்தர்ன் லைட்ஸ் இல்லாமல் நார்வேயில் இவர்களுக்கு என்ன வேலை? கேட்டேன், கேட்காமல் விடவில்லை. "பாக்கறதுக்குத்தான் போவாங்களா எல்லாரும்?" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பேச்சு அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் நான் பேசுவதில்லை.

ஆண்கள் போன வாரம் கிளம்பினார்கள். என் கணவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். அவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த கார் வாசலிலேயே நின்றது. டிரைவர் போகவில்லை. நான் காபி கொடுக்கப் போனேன். அக்கா உள்ளேயிருந்து பெட்டியோடு வருகிறாள். பேண்ட் போட்டிருக்கிறாள், வாசலில், எல்லாரும் பார்க்க. "மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்குது மிருதா. பால்காரனுக்குச் சொல்லியாச்சு. மாமாவுக்கு அங்க எறங்குனதும் நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்" என்றாள்.

"எங்கீங்கக்கா போறீங்க?"

"லடாக்."

நம்பமாட்டீர்கள் என்றேன் இல்லையா? லடாக். நாலு பேரும். கோழி அறையில் நின்ற அதே நாலு பேர். கனகமணியின் தம்பி ஏதோ ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறான். நார்வேக்காக வீட்டில் எல்லாரிடமும் இத்தனை நாள் இருக்கமாட்டோம் என்று சொல்லியாகிவிட்டதாம், அந்த நாட்களை வீணாக்கவேண்டாம் என்று நினைத்தார்களாம். மாமாவிடம் அனுமதி கேட்கவில்லை. பாங்காக்கில் இறங்கிய ஆளிடம் போனில் சொன்னால் அவர் என்ன செய்யமுடியும்? அதில் மட்டும் அறிவு இருக்கிறது.

என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். லடாக் போவதற்கு முதலில் அந்த இடத்தைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பாறை அடுக்குகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் போகவேண்டிய ஊர் அது. இவர்கள் அங்கே போய் என்ன செய்வார்கள்? சிரிப்பார்கள். காபி குடிப்பார்கள்.

அப்புறம் அந்தப் பெரிய வீட்டில் நான் தனியாக என்ன செய்வது? கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், வியாபாரமும் இல்லை. அம்மாவைப் பார்த்து நாளாயிற்று. அதனால் கிளம்பினேன். காங்கேயத்தில் இறங்கி டீ குடிக்கலாம் என்றால் இந்த டிரைவர் நிறுத்துவானா தெரியவில்லை.

படம் அனுப்புகிறார்கள், காட்டட்டுமா? கனகமணி போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறாள். அதில் என்னையும் சேர்த்திருக்கிறாள், எப்போது என்று தெரியாது. பாருங்கள், இது விமானத்திலிருந்து எடுத்தது. இது மலை. இதில் அக்கா நடுவில் நிற்கிறாள், வாயைத் திறந்துகொண்டு. எதற்கு இப்படிச் சிரிப்பது? பின்னால் நீலமாகத் தெரிகிறதே, அதைப் பாருங்கள். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறாள் என்று படியுங்கள். 'கடல் பார்த்தோம்.' லடாக்கில் எங்கிருந்து கடல் வரும்? அது ஏரி. உப்பு ஏரி. மலைகள் எழும்பியபோது நடுவில் அடைபட்டுப்போன தண்ணீர்.

நான் உடனே எழுதிவிட்டேன், இதோ கீழே இருக்கிறது பாருங்கள். 'அது கடல் இல்லை, ஏரி' என்று ஆரம்பித்து, எப்படி உண்டானது, ஏன் உப்பாக இருக்கிறது, ஏன் அந்த நிறம், எல்லாம். கொஞ்சம் நீளமாகத்தான் போய்விட்டது. இவர்களுக்கு வேறு யார் சொல்வார்கள்? நேற்றுக் காலையில் எழுதினேன். நாலு பேரும் படித்துவிட்டார்கள், நீலக் குறி வந்துவிட்டது.

அதற்கப்புறம் படம் ஒன்றும் வரவில்லை. அதுவரைக்கும் மணிக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. மலையில் டவர் கிடைக்காது, இல்லையா? நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.